அடுப்படியில் ஒரு கம்ப்யூட்டர்... அட்மின் யாரு?

உங்க வீட்டுல கம்ப்யூட்டர் எங்கே இருக்கு? ஹால்ல, இல்லேன்னா உங்க ரூம்ல. கரெக்டா? சரி, வீட்டிலேயே அதிகமா கணக்கு வழக்கு நடக்கிற இடம் எது? பால் எத்தனை பாக்கெட், கேஸ் எப்போ தீரும், மளிகைக் கடை பாக்கி எவ்வளவு, ராத்திரி எத்தனை ஆழாக்கு ஊறப் போடணும்... எல்லாமே அடுப்படியில்தான்! ஆனா அங்கே இருக்கிற ஒரே 'டேட்டாபேஸ்' என்ன தெரியுமா? தினசரி காலண்டரும், அதுல நூல் கட்டித் தொங்கவிட்ட பென்சிலும்தான்.

அதனால போன செமஸ்டர் லீவுல எங்க வீட்டு அடுப்படியில் ஒரு கம்ப்யூட்டரை வெச்சேன். மொத்தச் செலவு 2,850 ரூபாய். பெருமையா ஸ்விட்சைப் போட்டேன். ஸ்கிரீன் பளிச்னு வந்தது. அப்புறம்? ஒரு வாரம் ஒருத்தரும் அதைத் தொடலை!

ஏன் தொடலை, பிறகு எப்படித் தொட்டாங்க என்பதுதான் மேட்டரே. கூடவே, நீங்க எப்படிச் செய்யலாம்னும் சொல்லிடறேன். ஆனா அதுக்கு முன்னாடி ஒரு சூப்பர் ஃப்ளாப் கதை.

10,600 டாலர் காமெடி!

வருஷம் 1969. அமெரிக்காவின் டல்லாஸ் நகரத்தில் நெய்மன் மார்கஸ்னு ஒரு பணக்காரக் கடை. அவங்க கிறிஸ்துமஸ் கேட்டலாக்ல 'கிச்சன் கம்ப்யூட்டர்'னு ஒண்ணைப் போட்டாங்க. ஹனிவெல் கம்பெனியோட எச்316 மெஷின். விலை 10,600 டாலர். எடை 45 கிலோவுக்கும் மேல. பார்க்க ஸ்டைலா, முன்னாடி காய் நறுக்க ஒரு பலகையோட இருக்கும். இல்லத்தரசி இதுல சமையல் குறிப்பு பார்த்துக்கலாமாம்!

எப்படிப் பார்க்கிறது? அங்கேதான் ட்விஸ்ட். இன்னிக்கு நாம பார்க்கிற மாதிரி திரையும் கிடையாது, கீபோர்டும் கிடையாது. வரிசையா ஸ்விட்சும் விளக்கும்தான். எல்லாம் பைனரி! 'கத்தரிக்காய் இருக்கு, என்ன பண்ணலாம்?'னு கேட்கவே பூஜ்யமும் ஒண்ணுமா தட்டணும். பதிலும் விளக்கு எரிஞ்சு அணைஞ்சுதான் வரும். அதுக்காக விலையோடவே ரெண்டு வார புரோகிராமிங் வகுப்பும் சேர்த்துத் தந்தாங்க. போதாக்குறைக்கு விளம்பரத்திலேயே மனைவியோட சமையலைப் பத்திக் கிண்டல் வேற.

சமையலறைக்காக ஒரு மெஷின் கூட விற்றதாகத் தகவல் இல்லை. ஏன் விற்கலை? விலையா? எடையா? பைனரியா? எல்லாம்தான். ஆனா எல்லாத்துக்கும் மேல ஒரு காரணம் இருக்கு. அடுப்படியில நிக்கிறவங்க கிட்ட 'உங்களுக்கு என்ன வேணும்?'னு யாருமே கேட்ட மாதிரி தெரியலை.

சிரிச்சீங்கதானே? நானும் சிரிச்சேன். அப்புறம் அதே தப்பை 2,850 ரூபாய்ல நானும் பண்ணினேன். வாங்க, வரிசையா சொல்றேன்.

முதல்ல பரணைப் பாருங்க

லோ-காஸ்ட் கம்ப்யூட்டர்னா உடனே ஆன்லைன்ல தேட ஆரம்பிக்காதீங்க. உங்க வீட்டுப் பரண்லயோ, பீரோ அடித்தட்டுலயோ ஒரு பழைய லேப்டாப் கண்டிப்பா தூங்கிட்டு இருக்கும். தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பர்ல விலையில்லா லேப்டாப் திட்டத்தை ஆரம்பிச்சது. அரசு, அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்கள் லட்சக்கணக்கான பேர் வாங்கினாங்க. எங்க அக்கா வாங்கினது 2013-ல். அக்கா படிச்சு, வேலைக்குப் போய், கல்யாணமாகிப் போயாச்சு. லேப்டாப் மட்டும் பழைய புடவையில சுத்திப் பரண்ல.

'அதெல்லாம் ஸ்லோ'னு ஒதுக்கிடாதீங்க. ஸ்லோவுக்குக் காரணம் பெரும்பாலும் ரெண்டுதான். ஒண்ணு, ரேம் 2 ஜிபி மட்டும் இருக்கும். இன்னொண்ணு, உள்ளே சுத்துற பழைய ஹார்டு டிஸ்க். தட்டு சுழன்று, முள் நகர்ந்து தேடி எடுக்கிறதுக்குள்ள நமக்குக் கொட்டாவி வந்துடும். ஹார்டு டிஸ்க்கை எடுத்துட்டு எஸ்.எஸ்.டி. போட்டா, அதுல சுத்துற பாகமே இல்லை. அதே லேப்டாப் ஓட ஆரம்பிச்சுடும்!

என் பில் இதுதான். எஸ்.எஸ்.டி. 1,400, செகண்ட் ஹேண்ட் 4 ஜிபி ரேம் 600, தனி கீபோர்டு 350, மவுஸ் 150, சுவர்ல மாட்ட பலகையும் பிராக்கெட்டும் 250, தமிழ் எழுத்து ஸ்டிக்கர் 100. (ரேம், எஸ்.எஸ்.டி. விலை தக்காளி மாதிரி ஏறி இறங்கும். வாங்கற அன்னிக்கு ரெண்டு கடையில விசாரிங்க.) ரேம் வாங்கும் முன்னாடி பழசைக் கழட்டி அதுல என்ன டைப் எழுதியிருக்குன்னு பார்த்துக்கங்க. டிடிஆர்3 ஸ்லாட்ல டிடிஆர்4 நுழையாது.

திறக்கறதுக்கு முன்னாடி ரொம்ப முக்கியமான ஒண்ணு. பேட்டரியைப் பாருங்க. பத்து வருஷம் தாண்டின எந்த லேப்டாப்லயும் பேட்டரி உப்பியிருக்க வாய்ப்பிருக்கு. உப்பியிருந்தா அமுக்காதீங்க, குத்தாதீங்க, சார்ஜ் போடாதீங்க, குப்பையில போடாதீங்க. பத்திரமா கழட்டி மின்கழிவு சேகரிக்கிற இடத்துல கொடுத்துடுங்க. கழட்ட வரலைன்னா சர்வீஸ் கடைதான். அடுப்படிக்குப் போற மெஷின் இது. 'பார்த்துக்கலாம்'ங்கிற வார்த்தைக்கே இடமில்லை. நிறைய லேப்டாப்கள் பேட்டரியே இல்லாம அடாப்டர்ல ஓடும். எங்களுது அப்படித்தான் ஓடுது.

ஜன்னலை மூடி மின்ட்டைப் போடு!

அடுத்தது ஆபரேட்டிங் சிஸ்டம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோட முடிஞ்சது. விண்டோஸ் 11 இந்தப் பழசை எல்லாம் முறைப்படி ஏத்துக்காது. அதனால லினக்ஸ். பயப்படாதீங்க, இப்போ லினக்ஸ் போடறது தோசை வார்க்கிறதைவிட ஈஸி. நான் போட்டது லினக்ஸ் மின்ட், அதுல எக்ஸ்எஃப்சிஇ எடிஷன். பழைய மெஷினுக்குப் பாரமில்லாத டெஸ்க்டாப். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரைக்கும் அப்டேட் உண்டு. இன்னும் லேசா வேணும்னா லுபுண்டு இருக்கு. ரெண்டுமே ஃப்ரீ!

வேலை இவ்வளவுதான். வேற கம்ப்யூட்டர்ல மின்ட்டோட ஐ.எஸ்.ஓ. ஃபைலை டவுன்லோடு பண்ணுங்க. எட்சர் அல்லது ரூஃபஸ் சாஃப்ட்வேர் மூலமா 8 ஜிபி பென்டிரைவ்ல எழுதுங்க. அதைச் செருகி, லேப்டாப்பை ஆன் பண்ணும்போது எஃப்2, எஃப்12, எஸ்கேப்ல எது உங்க மாடலுக்கோ அதைத் தட்டி, பென்டிரைவ்ல இருந்து கிளப்புங்க. இன்ஸ்டால் பண்ணாமலே மின்ட் ஓடும். வை-ஃபை கிடைக்குதா, சத்தம் வருதான்னு அப்பவே பார்த்துடலாம். எல்லாம் ஓகேன்னா மட்டும் இன்ஸ்டால்.

ஒரு எச்சரிக்கை: பழைய டிஸ்க்கையே அழிச்சு அதுல இன்ஸ்டால் பண்றதா இருந்தா, முதல்ல உள்ளே இருக்கிற போட்டோவை எல்லாம் காப்பி பண்ணிடுங்க. அக்காவோட காலேஜ் டூர் போட்டோ 700 அதுலதான் இருந்தது. அழிச்சிருந்தா நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன்!

அப்புறம் தமிழ். இன்புட் மெத்தட் செட்டிங்ஸ்ல தமிழ்99 சேர்த்துக்கங்க. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பிறகு தமிழக அரசு அங்கீகரிச்ச விசைப்பலகை அது. உயிரெழுத்து எல்லாம் இடது கைக்கு, மெய் பெரும்பாலும் வலது கைக்கு. இங்கிலீஷ் ஸ்பெல்லிங் தெரியணும்கிற அவசியமே இல்லை. 'அம்மா'ன்னு அடிக்க அ, ம, ம, ஆ. நாலே தட்டு! ஒரே மெய் ரெண்டு தடவை வந்தா முதலாவதுக்குத் தானா புள்ளி விழுந்துடும். தமிழ் படிக்கத் தெரிஞ்சவங்களுக்கு ரெண்டே நாள்ல கை பழகிடும்.

எங்கே வைக்கிறது?

காலேஜ்ல யாரும் சொல்லித் தராத சிலபஸ் இது. அடுப்படியில கம்ப்யூட்டருக்கு நாலு எதிரிங்க: சூடு, தண்ணி, எண்ணெய்ப் புகை, கரப்பான். அதனால...

* அடுப்புக்கும் சிங்க்குக்கும் எதிர்ச் சுவர்தான் பெஸ்ட். தாளிக்கிற எண்ணெய் தெறிக்கிற தூரத்துக்கு அப்பால இருக்கணும். எங்க வீட்ல அடுப்புல இருந்து ஆறு அடி.

* மேடை மேல வேண்டாம். நிக்கிறவங்க கண்ணுக்கு நேரா சுவர்ல பலகை அடிங்க. உங்க உயரத்துக்கு இல்லை, அம்மா உயரத்துக்கு! (நான் என் உயரத்துக்கு அடிச்சு, மறுபடி கழட்டி, சுவர்ல நாலு ஓட்டை எக்ஸ்ட்ரா.)

* சமையல் கேஸ் காற்றைவிட கனமானது. கசிஞ்சா தரையோடு தேங்கும். அதனால சிலிண்டர் பக்கத்துல, தரையில எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போடவே கூடாது. உயரத்துல இருக்கிற, எர்த் உள்ள மூணு பின் ப்ளக் பாயின்ட்தான். கேஸ் வாசனை வந்தா எந்த ஸ்விட்சையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது.

* மிக்ஸி, கிரைண்டர் மாட்டற அதே பாக்ஸ்ல இதையும் மாட்டாதீங்க. பேட்டரி இல்லாத மெஷின் வேற. மோட்டார் கிளம்பும்போது வோல்டேஜ் ஒரு குலுக்கு குலுக்கினா ரீஸ்டார்ட் ஆயிடலாம்.

* காத்து உள்ளே போற ஓட்டையில எண்ணெய்ப் பிசுக்கு சேரும். வாரம் ஒருதரம் காஞ்ச பிரஷ்ஷால தட்டிவிடுங்க. துணி போட்டு மூடறதா இருந்தா, அணைச்ச பிறகு மட்டும். ஓடும்போது மூடினா சூடு உள்ளேயே தங்கிடும்.

* லேப்டாப் கீபோர்டை விட்டுடுங்க. தனி கீபோர்டு போட்டு மேல பிளாஸ்டிக் உறை மாட்டுங்க. மாவுக் கையோ ஈரக் கையோ, ஸ்பேஸ் பாரை முழங்கையால தட்டினாலே பாட்டு நிக்கும், திரும்ப ஓடும்!

நான் பண்ணின சொதப்பல்

ரெடி. எல்லாம் ரெடி. இன்ஜினீயரிங் மூளை ஆச்சே! உட்கார்ந்து 40 சமையல் குறிப்பு டைப் அடிச்சு, அகர வரிசையில அடுக்கி, டெஸ்க்டாப்ல அழகா ஐகான் வெச்சேன். அம்மாவைக் கூப்பிட்டு 'டண்டடாய்ங்'னு காட்டினேன்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பார்த்தாங்க. "ஏண்டி, இருபத்தஞ்சு வருஷமா சாம்பார் வெக்கிறேன். இது வந்து எனக்குச் சொல்லித் தரணுமா?"

அவ்வளவுதான். ஒரு வாரம் அது சும்மா நின்னுச்சு. அம்மா தினமும் தூசி மட்டும் தட்டினாங்க. அப்போதான் அந்த 1969 கதை எனக்கு உறைச்சது. டல்லாஸ் கடைக்காரருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? ரெண்டு பேரும் கேட்காமலே கொடுத்துட்டோம்.

ஒருநாள் சாயங்காலம் கேட்டேன். "அம்மா, இதுல உனக்கு என்னதான் வேணும்?"

அம்மா யோசிக்கவே இல்லை. காலண்டரைக் காட்டினாங்க. "போன மாசம் பதினோராம் தேதி தாளை உங்கப்பா கிழிச்சுப் போட்டுட்டாரு. மூணு வீட்டு மாவுப் பாக்கி அதுலதான் எழுதி வெச்சிருந்தேன். அது கிழியாம இருந்தா போதும்."

எங்கம்மா எங்க தெருவுல இட்லி மாவு கொடுக்கிறாங்க. தினம் பத்து கிலோ. பல வருஷமா நடக்குது. நான் 40 குறிப்பு டைப் அடிச்சப்போ, பின்னாடி கிரைண்டர் ஓடிக்கிட்டுதான் இருந்தது. எனக்குத்தான் காது கேட்கலை.

கிழியாத காலண்டர்

குறிப்பு எல்லாத்தையும் தூக்கிட்டு லிப்ரே ஆபீஸ் கால்க் திறந்தோம். மின்ட்லயே இருக்கு. ஒரு வரியில தேதி, வீடு, கிலோ, தொகை, வந்தது, பாக்கி. பாக்கி தானா வரும்: தொகையில இருந்து வந்ததைக் கழிக்கிற ஒரே ஃபார்முலா. ஃபில்டர் போட்டு 'மாடி வீடு'ன்னு தேர்ந்தெடுத்தா அவங்க மாசக் கணக்கு முழுசா வந்து நிக்கும். இன்னொரு தாள்ல சிலிண்டர் மாத்தின தேதி. ரெண்டு தேதியைக் கழிச்சா எத்தனை நாள் வந்ததுன்னு தெரிஞ்சுடும். நீங்களும் இதையே ஆரம்பிங்க, ரொம்ப யூஸ்ஃபுல்.

அம்மா மூணாம் நாளே தனியா அடிக்க ஆரம்பிச்சாங்க. நான் காலரைத் தூக்கிவிட்டுக்கிட்டு ஹாஸ்டலுக்குக் கிளம்பினேன். நாலே நாள்ல போன். "ஏதோ பாஸ்வேர்டு கேட்டுக்கிட்டு நிக்குதுடி." அது என் பாஸ்வேர்டு! மெஷினுக்கு அட்மின் நான்தானே? எனக்கு அன்னிக்கு முழுக்க லேப் எக்ஸாம், போன் ஸ்விட்ச்டு ஆஃப். அம்மா அன்னிக்குக் கணக்கை எல்லாம் மாவு டப்பா மூடியில ஸ்கெட்ச் பேனாவால எழுதியிருக்காங்க. அடுப்படி அவங்களுது, மாவு அவங்களுது, கணக்கு அவங்களுது. சாவி மட்டும் என்கிட்ட! நியாயமா?

அடுத்த தடவை போனப்போ முதல் வேலையா அம்மா பேர்ல அட்மின் அக்கவுண்ட் போட்டேன். பாஸ்வேர்டு அவங்களே வெச்சாங்க. முறையா ஷட் டவுன் பண்றது, அப்டேட் பண்றது, ஞாயிற்றுக்கிழமை பென்டிரைவ்ல காப்பி எடுக்கிறது, மூணையும் கத்துக்கிட்டாங்க. நீங்க முதல் நாளே இதைச் செஞ்சிடுங்க ப்ளீஸ்!

பரண் காலியா? பை இருக்கு!

லேப்டாப்பே இல்லைன்னா ராஸ்ப்பெர்ரி பை. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ்ல ஈபன் அப்டனும் நண்பர்களும் பசங்க புரோகிராமிங் கத்துக்கணும்னு உருவாக்கினது. 2012 பிப்ரவரி 29-ல் 35 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. ஏடிஎம் கார்டு சைஸ்ல ஒரு முழு கம்ப்யூட்டர்! ஹெச்டிஎம்ஐ உள்ள பழைய டிவி இருந்தா அதுவே மானிட்டர். ஆனா போர்டு விலையை மட்டும் பார்த்து ஏமாறாதீங்க. பவர் சப்ளை, மெமரி கார்டு, கேபிள், கேஸ் எல்லாம் தனித்தனி காசு. பை 4, பை 5-க்கு மைக்ரோ ஹெச்டிஎம்ஐ கேபிள் வேணும். சாதா போன் சார்ஜர் மாட்டினா ஸ்கிரீன்ல மின்னல் சின்னம் வரும். கரன்ட் பத்தலைன்னு அர்த்தம். படக்குனு ஸ்விட்சை அணைச்சா மெமரி கார்டு கெட்டுப்போகலாம். ஷட் டவுன் பண்ணிட்டுத்தான் அணைக்கணும்.

'நேரம்'னு ஒரு காலம்

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். கால்க் ஷீட்டைத் திறந்தா, நான் போடாத ஒரு காலம் இருந்தது. தலைப்பு: 'நேரம்'. கீழே 4, 4, 3.5, 4, 4.5... அரிசி களையறது, அரைக்கிறது, கிரைண்டர் கழுவறது, கவர் போடறது, வீடு வீடா கொண்டுபோய்க் கொடுக்கிறது. எல்லாம் மணிக் கணக்குல. அம்மா அவங்களாவே போட்டது.

சும்மா கணக்குப் போட்டுப் பார்த்தோம். நாலு கிலோ அரிசி 192, ஒரு கிலோ உளுந்து 130, வெந்தயம் உப்பு கவர் 18. மொத்தம் 340. பத்து கிலோ மாவு, கிலோ 50 வீதம் 500. மிச்சம் 160. அதை நாலு மணி நேரத்தால வகுத்தா... மணிக்கு 40 ரூபாய்! அதுலயும் கரன்ட் செலவைச் சேர்க்கலை.

அம்மா ரொம்ப நேரம் அந்த 40-ஐயே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. "உளுந்து விலை ஏறினதெல்லாம் தெரியும். நான் ஏத்தவே இல்லை பாரு"ன்னாங்க. மறுநாள்ல இருந்து கிலோ 55. ஒரு வீடு நின்னுடுச்சு. மத்தவங்க வாங்கறாங்க. அப்பா அந்த ஷீட்டைப் பார்த்துட்டு எதுவும் பேசலை. ஆனா இப்போ கிரைண்டர் கழுவறது அப்பாதான். காலண்டர் தாளும் கேட்டுட்டுத்தான் கிழிக்கிறாராம்!

ஸோ ஃப்ரெண்ட்ஸ், இந்த லீவுல பரண்ல ஏறுங்க. எஸ்.எஸ்.டி. மாத்துங்க, மின்ட் போடுங்க, ஜமாய்ங்க. ஆனா ஸ்குரூ டிரைவரைக் கையில எடுக்கிறதுக்கு முன்னாடி, அடுப்படியில நிக்கிறவங்க யாரோ, அம்மாவோ அப்பாவோ பாட்டியோ, அவங்க கிட்ட ஒரே ஒரு கேள்வி கேட்டுடுங்க. 'உனக்கு இதுல என்ன வேணும்?' மெஷினுக்கு ஆன 2,850 ரூபாயைவிட, அந்தக் கேள்விதான் எனக்கு அதிகமா வேலை செஞ்சது.

அப்புறம், எங்க அடுப்படி கம்ப்யூட்டரோட பாஸ்வேர்டை மட்டும் என்கிட்ட கேட்காதீங்க. எனக்குத் தெரியாது. அம்மா மாத்திட்டாங்க!